கைதுப் பதிவேடு யாரைக் காட்ட வேண்டும்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் இரண்டு கேள்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் கைதாகிவிட்டார் என்றால், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அவர் வீட்டார் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படிக் கண்டுபிடிக்க உதவிய அதே பதிவேடு, வழக்கே இல்லாமல் போன பிறகும் அவரை விடாமல் துரத்தினால் என்ன செய்வது? கைது விவரங்களை இணையத்தில் திறந்து வைப்பதில் மிகத் தொலைவு போன நாடு அமெரிக்கா. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். நம் பிள்ளைகள் பெருந்தொகையாக அங்கே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அதோடு, நம் நாட்டின் புதிய நடைமுறைச் சட்டமும் கைது விவரங்களை மின்னணு முறையில் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறது. அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு இங்கே செய்ய வேண்டியதை முடிவு செய்ய நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒருவரைத் தேடுவது

அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாக அலகு அது. பெரும்பாலான கவுண்டிகளுக்குச் சொந்தமாக ஒரு ஜெயில் உண்டு. அதை நடத்துபவர் ஷெரிஃப். பெரும்பாலான மாநிலங்களில் அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. விசாரணைக்குக் காத்திருப்பவர்களும், பொதுவாக ஓராண்டுக்குள் தண்டனை பெற்றவர்களும் கவுண்டி ஜெயிலில் இருப்பார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் போவார்கள். கூட்டாட்சிக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்குத் தனியாகக் கூட்டாட்சிச் சிறைகள் உண்டு. இந்த மூன்று வகைச் சிறைகளுக்கும் தனித்தனிப் பதிவேடுகள். நாடு முழுவதுக்கும் ஒரே அரசுப் பதிவேடு கிடையாது.

ஆகவே தேடும் குடும்பம் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது கவுண்டியை. கைதானவர் எங்கே குடியிருக்கிறார் என்பது இதற்குப் பயன்படாது. கைது எங்கே நடந்தது என்பதே கணக்கு. டெக்சாஸில் நம்மவர்கள் நிறைய வாழும் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. அங்கே வீடு வைத்திருப்பவர் பக்கத்து டாலஸ் கவுண்டியில் கைதானால் மூன்றாவது பட்டியலில்தான் அவர் பெயர் இருக்கும். லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், டெலவேர், ஹவாய் போன்ற மாநிலங்களில் ஜெயில்களையும் மாநிலமே நடத்துகிறது. அங்கே கவுண்டிப் பட்டியலைத் தேடிப் பயனில்லை.

கைதானவரை ஜெயிலில் சேர்க்கும்போது பெயர், பிறந்த தேதி, கைரேகை, புகைப்படம், உடைமைகள், உடல்நிலை எல்லாம் குறிக்கப்படும். வேறு வாரன்ட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் புக்கிங். அது முடிந்த பிறகே ஷெரிஃப் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் பெயர் ஏறும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஆள் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜெயிலுக்கே தொலைபேசியில் கேட்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. அந்தப் பட்டியல்கள் குடும்பப் பெயரை முதலில் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். சிலருக்கு ஒரே பெயர்தான். அவர்களுடைய விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகியிருக்கும். மகன் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்காத தாய், தன் கணவர் பெயரைப் போட்டால் கிடைக்கலாம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே போட வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். நள்ளிரவில் சென்னையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து தேடும் பெற்றோருக்கு இது பெரிய விஷயம்.

குடியேற்றத் துறை பிடித்து வைத்திருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. அத்துறையின் இணையத் தேடலில் ஒன்பது இலக்கப் பதிவு எண்ணும் பிறந்த நாடும் தர வேண்டும். அல்லது பெயரைப் பிழையில்லாமல் பிறந்த நாட்டோடு சேர்த்துத் தர வேண்டும். கூட்டாட்சிச் சிறைத் துறையின் தேடலில் 1982 முதலான பெயர்கள் இருக்கின்றன. ஆனால் கூட்டாட்சி வழக்கில் விசாரணைக்குக் காத்திருக்கும் பலரை மார்ஷல் துறை ஒப்பந்த முறையில் கவுண்டி ஜெயில்களிலேயே வைத்திருக்கும். 1963-இன் வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவருக்குத் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பதை அவரிடம் தாமதமின்றிச் சொல்வது கைது செய்தவர்களின் கடமை. வெளிநாடு செல்லும் ஒவ்வொரு மாணவரும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பதிவேடு ஏன் திறந்திருக்கிறது?

இவ்வளவையும் ஏன் பொதுவெளியில் வைத்தார்கள்? ரகசியக் கைது பற்றிய அச்சமே காரணம். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லையே என்று அரசு சொல்லிவிட்டால், எந்த உரிமையும் அவருக்கு உதவாது. இங்கிலாந்தின் 1679-ஆம் ஆண்டு ஆட்கொணர்வுச் சட்டம் எதிர்த்தது இந்த அதிகாரத்தைத்தான். கைது எழுத்தில் இருக்க வேண்டும், அந்த எழுத்தை யாரும் பார்க்க முடிய வேண்டும் என்ற கொள்கை அந்த மரபில் வந்தது. புளோரிடா மாநிலம் தன் பொதுப் பதிவுச் சட்டத்தை 1909-லேயே இயற்றியது.

பதிவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று உண்டு. சிகாகோவில் ஹோமன் ஸ்கொயர் என்ற காவல் துறைக் கட்டடத்தில் கைதானவர்களை புக்கிங் செய்யாமலே வைத்து விசாரித்தார்கள் என்றும், வழக்கறிஞர்களும் குடும்பத்தாரும் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார்கள் என்றும் 2015-இல் கார்டியன் பத்திரிகை தொடர்ந்து எழுதியது. காவல் துறை அதை மறுத்தது. எழுதப்படாத கைது எப்படிப்பட்ட சந்தேகத்துக்கெல்லாம் இடம் கொடுக்கிறது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

பாதிக்கப்பட்டவருக்கும் இந்தப் பதிவேடு வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1993 டிசம்பரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவரைத் தாக்கியதற்காகச் சிறையிலிருந்த ஆள் வெளியே வந்துவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தத் துயரத்திலிருந்து, கைதி வெளியேறினால் பாதிக்கப்பட்டவரைத் தொலைபேசியில் எச்சரிக்கும் வைன் என்ற ஏற்பாடு 1994-இல் பிறந்தது. பின்னர் அது நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது.

ஆக, திறந்த கைதுப் பதிவேட்டுக்கு நியாயமான பயன்கள் மூன்று: அரசு யாரையும் மறைத்து வைக்க முடியாமல் செய்வது, குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் வழி காட்டுவது, ஆபத்தில் இருப்பவரை எச்சரிப்பது. இந்த மூன்றையும் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். பதிவேட்டை மூடச் சொல்லும் பேச்சு அல்ல இது.

முகம் விலைக்கு வந்தது

கைதியை நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுக்கும் முறையை 1880-களில் பாரிஸ் காவல் துறையில் ஒழுங்குபடுத்தியவர் அல்போன்ஸ் பெர்டிலான். ஆள் அடையாளம் காண்பதற்காக, காவல் துறையின் உள்பயன்பாட்டுக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. அமெரிக்காவில் அந்தப் படங்கள் பல மாநிலங்களில் பொதுப் பதிவாயின. தாள் பதிவேடாக இருந்தவரை, ஒருவர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டால்தான் படம் கிடைக்கும். அந்தச் சிரமமே கைதானவருக்கு ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. இணையம் வந்ததும் அது போயிற்று. தனியார் தளங்கள் ஷெரிஃப் அலுவலகப் பட்டியல்களை இயந்திரத்தால் அள்ளி, ஒவ்வொருவர் படத்தையும் தங்கள் தளத்தில் போட்டன. வேலைக்கு விண்ணப்பித்தவரின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தப் படம் என்ற நிலை வந்தது. படத்தை எடுக்க வேண்டுமா, பணம் கட்டு என்றன. வழக்குத் தள்ளுபடியானவரும் கட்ட வேண்டும். ஆள் மாறாட்டத்தில் பிடிக்கப்பட்டவரும் கட்ட வேண்டும்.

2013-லிருந்து ஜார்ஜியா, ஆரிகன் முதலிய மாநிலங்கள் இதைத் தடுக்கச் சட்டம் செய்யத் தொடங்கின. கலிஃபோர்னியா அரசு 2018-இல் அத்தகைய ஒரு தளத்தை நடத்திய நால்வர் மீது மிரட்டிப் பணம் பறித்தல், கறுப்புப் பண மாற்றம் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. மூன்றாண்டுகளில் 20 லட்சம் டாலருக்கும் மேல் வசூலித்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

நீதிமன்றங்களும் மனம் மாறின. கைதிப் படத்தில் அந்தரங்கம் என்று எதுவும் இல்லை என்று 1996-இல் தீர்ப்பளித்த ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2016-இல் முழு அமர்வாகக் கூடித் தன் நிலையைக் கைவிட்டது. படம் ஒருமுறை இணையத்தில் ஏறினால் அது காலத்துக்கும் நிற்கும் என்ற புதிய உண்மையை அது கணக்கில் எடுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ காவல் துறை, பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலொழியப் படங்களை வெளியிடுவதில்லை என்று 2020 ஜூலையில் அறிவித்தது. வன்முறையற்ற குற்றங்களில் கைதானவர் படத்தைக் காவல் துறை சமூக ஊடகங்களில் போடுவதற்குக் கலிஃபோர்னியா 2021-இல் சட்டத்தால் வரம்பு கட்டியது. சிறு குற்றச் செய்திகளில் கைதானவர் பெயரைப் போடுவதில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அதே ஆண்டு முடிவு செய்தது.

தொடக்கம் மட்டும் பதிவான வழக்குகள்

படத்தைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அமெரிக்க ஜெயில்களில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் பதிவாகின்றன. எந்த ஒரு நாளிலும் அங்கே இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் தண்டனை பெறாதவர்கள். புக்கிங் பதிவில் இருப்பது காவலர் எழுதிய குற்றச்சாட்டு. அரசு வழக்கறிஞர் அதைக் குறைக்கலாம். வழக்கே வேண்டாம் என்றும் விட்டுவிடலாம். அந்த முடிவு நீதிமன்ற எழுத்தரின் வேறொரு பதிவேட்டில் ஏறும். முதல் பட்டியலிலிருந்து நகலெடுத்தவர்கள் இரண்டாவதைத் தேடிப் போவதில்லை. அதனால் உலகத்தின் பார்வையில் அந்த வழக்குக்குத் தொடக்கம் மட்டுமே இருக்கும்.

இதைச் சரிசெய்யும் முயற்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. ஆள் விவரம் சரிபார்த்துத் தரும் நிறுவனங்கள் ஏழு ஆண்டுக்கு முந்தைய கைதைப் பொதுவாகத் தெரிவிக்கக் கூடாது என்று 1970-இன் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. பென்சில்வேனியா 2018-இல் இயற்றிய சட்டத்தின்படி, தண்டனையில் முடியாத வழக்குப் பதிவுகள் விண்ணப்பம் ஏதும் இல்லாமல் தாமாகவே பொதுப் பார்வையிலிருந்து மூடப்படுகின்றன. யூட்டா, நியூ ஜெர்சி, மிச்சிகன் ஆகியவை அந்த வழியில் சட்டம் செய்தன.

ஆயினும் கைது என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மாணவர்களே அனுபவித்தார்கள். அமெரிக்க விசா விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. தண்டனை பெறாமல் இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களைக் குற்றப் பதிவுத் தரவுகளோடு ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கானவர்களின் மாணவர் பதிவை முடித்து வைத்தது. அவர்களில் இந்தியர் பலர். வழக்குத் தள்ளுபடியானவர்களும், போக்குவரத்து விதிமீறலைத் தவிர வேறொன்றும் செய்யாதவர்களும் அதில் சிக்கினார்கள். நாட்டின் பல நீதிமன்றங்கள் தடை விதித்த பிறகு, அந்த மாத இறுதியில் அரசு பதிவுகளைத் திரும்பச் சேர்த்தது. முடிவு எழுதப்படாத ஒரு வரி, ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவுக்கு வருவோம். நம் சிக்கல் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தது. இங்கே கைதானவரைக் கண்டுபிடிப்பதே பாடு. இந்த நிலையம் இல்லை, அந்த நிலையத்துக்குப் போ என்று அலைக்கழிக்கப்பட்ட குடும்பங்களை இந்த அவையிலுள்ள வழக்கறிஞர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

காவல் மரணங்கள் பற்றி மேற்கு வங்கத்திலிருந்து டி.கே. பாசு 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 12 மணி நேரத்துக்குள் காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பவை அதன் கட்டளைகளில் சில. பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள பலகையில் இரண்டு விவரங்கள் இருக்க வேண்டும் என்றது அது. ஒன்று, கைதானவர் பெயரும் முகவரியும். மற்றொன்று, கைது செய்த அதிகாரியின் பெயரும் பதவியும்.

அந்த இரண்டாவது விவரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க ஜெயில் பட்டியல்களில் கைதானவர் முகம் இருக்கும். கைது செய்த அதிகாரியின் பெயரைக் காண்பது அரிது. நம் சட்டம் இருவரையும் ஒரே பலகையில் நிறுத்தியது. கைதானவர் யார் என்று பார்க்க வருபவர், அவருக்கு யார் பொறுப்பு என்பதையும் பார்த்துவிட்டுப் போவார். பொறுப்பேற்க வைக்கும் சட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். எத்தனை இடங்களில் அந்தப் பலகை ஒழுங்காக எழுதப்பட்டது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் கையில் இருந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு இதற்குப் பதிலாக வந்திருக்கிறது. அதில் முன்னேற்றம் இருக்கிறது. மாவட்டத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவர் கைது விவரத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட வேண்டும். விவரங்களை மின்னணு முறையிலும் காட்டலாம். ஆனால் காட்ட வேண்டியவை என்று அது வரிசைப்படுத்துவது கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை. கைது செய்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் பலகையில் காட்டச் சொன்ன வாசகம் இந்தப் பிரிவில் இல்லை. அதிகாரியின் பெயர் போன இடத்தில் கைதானவர் மீதான குற்றச்சாட்டு வந்திருக்கிறது. அரசைப் பார்க்கத் திறந்த சாளரம் குடிமகன் பக்கமாகத் திருப்பப்பட்டுவிட்டது. அதுவும் பலகை மின்திரையாக மாறும் நேரத்தில். இன்று நான் இங்கே சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான்.

இதை வெறும் வாசகப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. இணையத்தில் ஏறும் எதையும் நகலெடுத்து விற்க ஆள் உண்டு என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. நம் ஊரில் பெயரும் முகவரியும் ஒருவருடைய சாதியையும் தெருவையும் சேர்த்தே சொல்லிவிடும். கல்யாணப் பேச்சு நின்றுபோக அது போதும். வாடகை வீடு கிடைக்காமல் போக அது போதும்.

முடிந்துபோன வழக்கு இணையத்தில் வாழும் துன்பம் நம் நீதிமன்றத்துக்கே வந்திருக்கிறது. விடுதலை பெற்ற ஒருவர், தீர்ப்பில் உள்ள தம் பெயரை மறைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். உரிய சட்டம் இல்லாமல் அப்படி உத்தரவிட இயலாது என்று 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்ன நாட்டில், விடுதலையானவர் தம் பெயருக்காக இன்னும் வழக்காட வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

எந்தக் கைதுப் பதிவேட்டைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய செயலைக் காட்டுகிறது? கைது என்பது அரசு செய்யும் செயல். அதைப் பதிவு செய்வது அரசைக் கணக்குக் கேட்பதற்காக. கைதானவர் என்ன செய்தார் என்று சொல்லும் தகுதி நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. இதை அடிப்படையாகக் கொண்டு நான்கு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, அதிகாரியின் பெயரும் பதவியும், கைதான இடமும் நேரமும் பலகையிலும் திரையிலும் திரும்ப வர வேண்டும். மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசே காவல் துறைக்கு ஆணையிடலாம்.

இரண்டாவது, பதிவேடு முதலில் குடும்பத்துக்குப் பேச வேண்டும். கைதானவர் சொல்லும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். நிலையத்திலிருந்து நீதித்துறை நடுவர் முன்பும், அங்கிருந்து கிளைச் சிறைக்கோ மத்தியச் சிறைக்கோ மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் அது தொடர வேண்டும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கும் அளித்தது. எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கைத் தொடரலாம். சிறைத் துறைக்கும் தனி இணையதளம் இருக்கிறது. இவற்றைத் தமிழில், தந்தை பெயரையும் ஊரையும் கொண்டு தேடும் வகையில் இணைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டால், கைதானவர் எங்கே இருக்கிறார் என்ற பதில் உடனே கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, படமும் தெரு முகவரியும் பொதுத் திரையில் வேண்டாம். தேடுபொறிகளும் மொத்தமாக நகலெடுக்கும் இயந்திரங்களும் அந்தப் பட்டியலுக்குள் நுழையக் கூடாது. தப்பியோடியவரைப் பிடிக்கப் படம் தேவைப்பட்டால், காரணத்தை எழுதி, காலவரம்பு வைத்து வெளியிடட்டும்.

நான்காவது, ஒவ்வொரு பதிவுக்கும் முடிவு வேண்டும். ஜாமீன், விடுவிப்பு, விடுதலை எல்லாம் அதே வரியில் ஏற வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டால், குறித்த காலத்துக்குள் அந்தப் பெயர் பொதுப் பார்வையிலிருந்து தானாகவே நீங்க வேண்டும். மனு போட்டு அலைந்தால்தான் நீங்கும் என்றால், வசதியுள்ளவர் பெயர் மட்டுமே நீங்கும். சிறார் விஷயத்தில் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன பெரியவருக்கும் அதில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும்.

இதற்குப் பத்திரிகையாளர்களும் மனித உரிமை அமைப்பினரும் ஓர் எதிர்வாதம் சொல்வார்கள். பெயர்களை நீக்கினால் பொய் வழக்குப் போட்ட காவலரின் தவறும் சேர்ந்தே மறையாதா? வலுவான வாதம் இது. பதிவை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கைதானவர் பெயர் மூடப்பட்ட பிறகும், அதிகாரி பெயரும் பிரிவும் நாளும் முடிவும் திறந்தே இருக்கட்டும். எந்த நிலையத்தில் எத்தனை கைதுகள் வழக்காகாமல் போயின என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். முழுப் பதிவு நீதிமன்றக் காப்பில் இருக்கட்டும். தம் பெயரோடு வெளியே வந்து நியாயம் கேட்க விரும்புபவருக்கு அந்த உரிமையும் இருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய், கைது விவரப் பொறுப்பு அதிகாரி யார், விவரங்கள் எங்கே காட்டப்படுகின்றன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வந்த பதில்களைத் தொகுத்து உயர் நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கொண்டு போங்கள். திரைகள் இனிமேல்தான் அமையப் போகின்றன. அவற்றில் முதல் பெயராக எது இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டால் மாற்ற முடியும். பத்தாண்டு கழித்துக் கேட்டால், அதற்குள் லட்சக்கணக்கான பெயர்கள் யார் யார் கையிலோ போயிருக்கும்.